பாதரசம் அந்தப் புரதத்தை அழித்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு பல் மருத்துவமனையில் 11 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தேன். முதல் நான்கு ஆண்டுகள் வெள்ளி அடைப்புக்கான அமால்கம் கலவையை நான்தான் கையால் கலப்பேன். கல்வத்தில் அரைத்துத் துணியில் வைத்துப் பிழிந்தால், மிஞ்சிய பாதரசம் மணிமணியாக விரலிடுக்கில் வழியும். பிறகு அடைத்த கேப்ஸ்யூல்கள் வந்தன. வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஓயாத அசதியும் மறதியும் இருந்ததால் சென்ற ஆண்டு ஒரு நலவாழ்வு ஆலோசகரிடம் போனேன். அவர் தலைமுடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு ஒரு மாத்திரையை விழுங்கவைத்து, அடுத்த ஆறு மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொன்னார். பாதரசம் மிக அதிகம் என்றும், உலோகங்களைப் பிடித்து வைத்து நம்மைக் காக்கும் மெட்டலோதயோனீன் என்ற புரதத்தை அது அழித்துவிட்டது என்றும் சொன்னார். அதை மீட்பதற்காக 50 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையைக் காலையும் இரவும் பத்து மாதங்களாகச் சாப்பிடுகிறேன். அடுத்து ஊசி போட்டுப் பாதரசத்தை வெளியேற்றலாம் என்கிறார். அந்தப் புரதம் உண்மையிலேயே அழிந்திருக்குமா? திரும்ப உண்டாகுமா? என் வாயில் இருக்கும் இரண்டு வெள்ளி அடைப்புகளையும் எடுத்துவிடலாமா? நான் வேலையில் இருந்தபோது பிறந்த என் மகனுக்கு இப்போது நான்கு வயது. அவனுக்கும் அந்தப் புரதம் பழுதாகியிருக்குமா? இன்னொன்று, இரண்டு மாதமாக என் உள்ளங்கால்கள் மரத்துப்போகின்றன. பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் புரதத்தைப் பற்றித்தான் முதன்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உள்ளங்கால் மரத்துப்போவதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்த வரி அதுதான். துத்தநாக மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு பொது மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். ரத்தத்தில் தாமிரம், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மாத்திரைப் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு துத்தநாகம், எத்தனை மாதம் என்பது அவருக்கு உடனே தெரிய வேண்டும். ஏன் இந்த அவசரம் என்பதற்கான விடை, நீங்கள் கேட்ட அதே புரதத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் அதை நிதானமாகச் சொல்கிறேன்.

மெட்டலோதயோனீன் மிகச் சிறிய புரதம். சுமார் 60 அமினோ அமிலங்கள்தான். ஹீமோகுளோபினில் 574 இருக்கின்றன. ஆனால் அந்த அறுபதில் 20 சிஸ்டீன். சிஸ்டீன் என்பது நுனியில் கந்தகத்தை வைத்திருக்கும் அமினோ அமிலம். மூன்றில் ஒரு பங்கு சிஸ்டீனாகவே அமைந்த புரதம் உடலில் அபூர்வம். உலோகம் இல்லாதபோது இது உருவம் பிடிபடாத நூல்போல் தளர்ந்து கிடக்கும். உலோகம் வந்ததும் அந்த 20 கந்தகங்களும் அதைச் சுற்றி வளைத்து, இரண்டு சிறு பொதிகளாக மடியும். ஒன்றில் நான்கு துத்தநாக அணுக்கள், மற்றதில் மூன்று. ஆக ஒரு புரதத்துக்கு ஏழு. 1957இல் மார்கோஷஸ், வாலி என்ற இரு ஆய்வாளர்கள் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அதில் காட்மியம் இருந்தது. உலோகமும் கந்தகமும் சேர்ந்தது என்ற பொருளில் பெயர் பின்னால் வந்தது.

மாணவனாக இருந்தபோது எலியின் கல்லீரலிலிருந்து இதைப் பிரித்தெடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. கரைசல் நீண்ட கண்ணாடிக் குழாய் வழியே இறங்கி, சொட்டுச் சொட்டாகச் சோதனைக் குழாய்களில் சேரும். எந்தக் குழாயில் புரதம் இருக்கிறது என்று அறிய, வழக்கமாக 280 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைச் செலுத்திப் பார்ப்போம். அந்த ஒளியை உறிஞ்சுவது டிரிப்டோபன், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள். மெட்டலோதயோனீனில் இரண்டுமே இல்லை. வரைதாளில் கோடு தட்டையாகவே ஓடியது. அதே குழாய்களில் காட்மியத்தை அளந்தபோது, அந்தத் தட்டைக் கோட்டுக்கு நேர் மேலே ஒரு குன்று எழும்பி நின்றது. வழக்கமான கண்ணுக்குத் தெரியாத புரதத்தை, அது பிடித்து வைத்திருந்த உலோகம் காட்டிக்கொடுத்தது. இந்தப் புரதத்தின் முழு வாழ்க்கையும் உலோகத்தைப் பிடிப்பதிலும் விடுவதிலும்தான் இருக்கிறது என்பது அன்று எனக்கு உறைத்தது.

நஞ்சுக்காக ஒதுக்கிவைத்த தனிக் காவலாள் என்று இதை நினைத்துவிடக் கூடாது. நலமான உடலில் இதன் அன்றாட வேலை துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கையாள்வது. தேவைப்படும் நொதிக்குத் துத்தநாகத்தைக் கொடுக்கும். மிஞ்சினால் வாங்கி வைத்துக்கொள்ளும். பாதரசம் இந்த வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழையும் விருந்தாளி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கலவை பிழிந்தபோது விரலில் வழிந்த மணிகளைவிட, அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் எழுந்த ஆவிதான் உங்களுக்குள் போனது. மூச்சில் போகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். திரவப் பாதரசத்தை விழுங்கினாலோ குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ரத்தத்தில் கலந்த ஆவியைச் சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி ஆக்சிஜனேற்றம் செய்து, மின்னூட்டமுள்ள அயனியாக மாற்றுகிறது. அந்த அயனி கந்தகத்தைத் தேடி அலையும். கந்தகத்தின்மேல் பாதரசத்துக்கு இருக்கும் பற்று வேதியியலில் பழைய செய்தி. 1830களில் டென்மார்க் வேதியியலாளர் ஒருவர் கந்தகமுள்ள ஒருவகைச் சேர்மங்களுக்கு ‘மெர்காப்டன்’ என்று பெயர் வைத்தார். பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர் அது.

20 கந்தகங்களோடு காத்திருக்கும் மெட்டலோதயோனீனை அடையும் பாதரசம், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. துத்தநாகத்தின் பிடி தளர்வானது. காட்மியத்தின் பிடி அதைவிட இறுக்கம். தாமிரமும் பாதரசமும் அதற்கும் மேல். வெளியே தள்ளப்பட்ட துத்தநாகம் வீணாகப் போவதில்லை. செல்லுக்குள் துத்தநாகத்தின் அளவை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. எம்.டி.எஃப்-1 என்பது அதன் பெயர். விடுபட்ட துத்தநாகம் அதில் ஒட்டிக்கொண்டதும், அது செல்லின் கருவுக்குள் சென்று மெட்டலோதயோனீன் மரபணுவின் முன்பகுதியில் அமர்ந்து அதை முடுக்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் புதிய மெட்டலோதயோனீன் தயாராகத் தொடங்கும். எதிரி உள்ளே வந்ததும் அவனாலேயே வெளியே துரத்தப்பட்டவன் ஓடிப்போய் ஊரை எழுப்புவதுபோன்ற ஏற்பாடு இது. பல ஆண்டுகள் இதைப் படித்த பிறகும் எனக்கு இதன்மேல் உள்ள வியப்பு குறையவில்லை.

ஆகவே உங்கள் ஆலோசகர் சொன்னது தலைகீழ். அயனியாக மாறிய பாதரசம் சிறுநீரகத்தில் சேரும்போது இந்தப் புரதம் பெருகுகிறது. பாதரச உப்பைத் தொடர்ந்து கொடுக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகத்தில் மெட்டலோதயோனீன் ஏறிக்கொண்டே போவதை 1970களிலேயே அளந்துவிட்டார்கள். நீங்கள் கலவை பிழிந்த அந்த நான்கு ஆண்டுகளில் உங்கள் சிறுநீரகச் செல்கள் இந்தப் புரதத்தை இழந்துகொண்டிருக்கவில்லை; கூடுதலாகச் செய்துகொண்டிருந்தன என்று நம்பவே எல்லாக் காரணமும் இருக்கிறது. ‘திரும்ப உண்டாகுமா’ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மெட்டலோதயோனீன் மூலக்கூறு மாதக்கணக்கில் உயிர் வாழ்வதில்லை. துத்தநாகத்தோடு இருக்கும்போது ஓரிரு நாளில் சிதைக்கப்பட்டுப் புதிது அதன் இடத்துக்கு வந்துவிடும். இன்று உங்கள் உடலில் இருப்பது இந்த வாரம் செய்யப்பட்ட புரதம். வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குப் பிறகும் ‘அழிந்த நிலையில்’ இருக்கும்படியான பொருளே அது இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, அந்தப் புரதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தை உங்களுக்கு விட்டுச்செல்லவும் எனக்கு விருப்பமில்லை. அதன் எல்லைகள் குறுகியவை.

முதல் எல்லை, அதற்குப் பிடிக்கத்தான் தெரியும், வெளியேற்றத் தெரியாது. புரதம் சிதையும்போது அதனிடமிருந்த பாதரசம் விடுபடும். அருகில் இருக்கும் புதிய மெட்டலோதயோனீன் அதை மறுபடி பிடிக்கும். கைமாறிக் கைமாறிச் சிறுநீரகத்தின் நுண்குழல்களிலேயே அது தங்கும். அப்படித் தங்குவதால் செல்லின் முக்கியமான நொதிகள் தப்பிக்கின்றன. ஆனால் உடலில் பாதரசம் மிக அதிகமாகக் குவியும் உறுப்பும் சிறுநீரகம்தான். சேர்வது புரதத்தின் கொள்ளளவைத் தாண்டினால் முதலில் அடி வாங்குவதும் அதுவே.

இரண்டாவது, புதிய புரதம் தயாராக நேரம் வேண்டும். மூடிய அறையில் பாதரசத்தைச் சூடாக்கி ஒரே மூச்சில் பெருமளவு ஆவியை இழுத்துவிட்டவருக்கு, அந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாவதுதான் பெரிது. பாதரசம் எல்லா வடிவிலும் இதனிடம் பிடிபடுவதில்லை. மெதில் பாதரசம், அதாவது பெரிய கடல் மீன்களில் சேரும் வடிவம், ஒரு கந்தகத்தைத்தான் பற்றும். மெட்டலோதயோனீனின் பொதிக்குள் உறுதியாக அமராது. மாறாக அது சிஸ்டீனோடு சேர்ந்து, மெத்தியோனைன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தைப் போன்ற தோற்றம் பெற்று, மூளையின் வாசலில் அமினோ அமிலங்களுக்கான வழியாகவே உள்ளே போய்விடுகிறது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிச்சத்துக்கு வந்த பேரிழப்பில் பாதரசம் இந்த வடிவில்தான் இருந்தது. இந்த வடிவத்துக்கு எதிராக உடலின் முதன்மைத் துணை குளூட்டாதயோன் என்ற, கந்தகமுள்ள சிறு மூலக்கூறு. அதுதான் மெதில் பாதரசத்தைப் பித்தநீருக்குள் தள்ளுகிறது. பாதரச ஆவியும் ஆக்சிஜனேற்றம் அடைவதற்கு முன்பே, மின்னூட்டமில்லாத அணுவாக மூளைக்குள் புகுந்துவிடக்கூடியது. உள்ளே போன பிறகுதான் அயனியாக மாறி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

பாதரசம் உண்மையில் முடக்குவது எதை என்று கேட்டால், நான் மெட்டலோதயோனீனைச் சொல்ல மாட்டேன். செலினியம் தாங்கிய நொதிகளைச் சொல்வேன். தயோரெடாக்சின் ரிடக்டேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்றவை அவை. கந்தகத்தின்மேல் உள்ளதைவிடச் செலினியத்தின்மேல் பாதரசத்துக்குப் பற்று அதிகம். அந்த நொதிகளின் மையத்தில் இருக்கும் செலினியத்தை அது கைப்பற்றிவிட்டால், ஆக்சிஜனால் உண்டாகும் அன்றாடச் சிதைவைத் தடுக்கும் வேலை நின்றுபோகும். மெட்டலோதயோனீன் பாதரசத்தைத் தன்னிடமே நிறுத்திவைக்கும் ஒவ்வொரு தருணமும் இந்த நொதிகளுக்குக் கிடைத்த ஓய்வு.

அந்தப் புரதம் இல்லாமலே போனால் என்னவாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் மெட்டலோதயோனீன்-1, 2 ஆகிய இரண்டு மரபணுக்களும் நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். சாதாரணச் சூழலில் அவை வளர்ந்தன, குட்டி போட்டன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாதரசத்தைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. மற்ற சுண்டெலிகள் தாங்கிய அளவில் இவற்றின் சிறுநீரகம் கூடுதலாகக் கெட்டது. ஆவியைச் சுவாசித்தவற்றின் நுரையீரலும் அப்படியே. புரதம் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் துத்தநாகம் கொடுத்து அதைப் பெருக்குவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஏனென்றால் இதற்குப் பின்னால் உண்மையான சோதனைகள் இருக்கின்றன. விலங்குகளுக்கு முன்கூட்டியே துத்தநாகத்தை ஊசியில் செலுத்தி மெட்டலோதயோனீனை ஏற்றிவைத்து, அதன்பின் பாதரசத்தைக் கொடுத்தால் சிறுநீரகச் சேதம் குறைகிறது. ‘முன்கூட்டியே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வேலையை விட்டு ஓராண்டுக்குப் பிறகு மனிதர் ஒருவர் விழுங்கும் மாத்திரைக்கு அந்தச் சோதனைகள் சான்றாக மாட்டா. துத்தநாகப் பற்றாக்குறை உள்ளவருக்கு இந்தப் புரதம் குறையும் என்பது உண்மை. அவருக்கு அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு யாரும் துத்தநாகத்தை அளந்து பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை.

இனி உங்கள் உள்ளங்காலுக்கு வருகிறேன். வாய்வழி அதிகத் துத்தநாகம் சாப்பிட்டால் மெட்டலோதயோனீன் மிக அதிகமாகப் பெருகும் இடம் குடலின் உட்சுவர். அந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து வெளியேறிவிடும். உணவிலிருந்து வரும் தாமிரம் அந்தச் செல்லுக்குள் நுழைகிறது. அங்கே நிறைந்திருக்கும் மெட்டலோதயோனீன் துத்தநாகத்தை விட்டுவிட்டு, தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்துக்கு அது போய்ச் சேருவதில்லை. செல் உதிரும்போது தாமிரமும் சேர்ந்து கழிவோடு போகிறது. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு, பிறவியிலேயே தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் குவியும் நோய். அதற்குத் துத்தநாக மாத்திரை கொடுப்பது இந்த வழியைப் பயன்படுத்தித்தான். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. நீங்கள் அதே 50 மில்லிகிராமை இரண்டு வேளை, பத்து மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். தாமிரம் மிஞ்சிய நோயாளியிடமிருந்து அதைக் குறைக்கும் மருந்தை, தாமிரம் சரியாக இருந்த உங்களுக்கு யாரும் கண்காணிக்காமல் கொடுத்திருக்கிறார்கள். வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய துத்தநாகம் 8 மில்லிகிராம். மேல் வரம்பாக அமெரிக்கச் சத்துணவு வல்லுநர்கள் வைத்திருப்பது 40.

தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், அசதி கூடும். இன்னும் கூடுதலாகக் குறைந்தால் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் பாதிக்கப்படும். காலடி எங்கே படுகிறது என்ற உணர்வு மங்கும், பஞ்சில் நடப்பதுபோல் இருக்கும், இருட்டில் தடுமாறும். பி12 குறைபாட்டிலும் இதே படம்தான் தெரியும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கு நடந்தது இதுவே என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீரிழிவும் வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் தாமிரக் குறைவில் ரத்த அணுக்கள் சில வாரங்களில் தேறிவிடும்; நரம்பு மெதுவாகத்தான் தேறும், சில சமயம் முழுமையாகத் தேறாது. ஒவ்வொரு வாரமும் கணக்கில் வரும் என்பதால்தான் முதல் பத்தியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

உங்களுக்குச் செய்த பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமுடி பெரும்பாலும் உணவில் வரும் மெதில் பாதரசத்தைக் காட்டும். ஆவியால் உள்ளே போனதை அளக்க அது உதவாது. மாத்திரை கொடுத்துச் சிறுநீரைச் சேகரித்தது அதைவிடப் பெரிய பிழை. அந்த மாத்திரை உலோகத்தைப் பற்றி இழுக்கும் மருந்தாக இருந்திருக்க வேண்டும். அதை விழுங்கினால் யாருக்கும், பாதரசத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கும்கூட, சிறுநீரில் பாதரசம் ஏறும். மருந்து சாப்பிடாதவர்களுக்கு வகுத்த அளவோடு அந்த எண்ணை ஒப்பிட்டால் எல்லோரும் நோயாளிகளாகத்தான் தெரிவார்கள். இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, இதனால் பயன் எதுவும் நிறுவப்படவில்லை, தீங்கு நேரலாம் என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. உங்கள் மெட்டலோதயோனீன் ‘அழிந்தது’ என்பதை எந்தப் பரிசோதனையில் கண்டார் என்று அவரிடம் கேளுங்கள். தலைமுடியும் சிறுநீரிலுள்ள பாதரசமும் அதைச் சொல்லா. இந்தப் புரதம் செல்லுக்குள் வேலை செய்வது. அதன் திறனை அளந்து மருத்துவம் பார்க்க உதவும், நிறுவப்பட்ட ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

ஊசிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்மையான பாதரச நச்சுக்கு டி.எம்.எஸ்.ஏ., டி.எம்.பி.எஸ். என்ற மருந்துகள் உண்டு; மருத்துவமனையில், அளந்து, காரணத்தோடு கொடுப்பார்கள். கண்டபடி கொடுக்கும்போது துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கூடவே இழக்க நேரும். தவறான மருந்து இன்னும் கொடியது. ரத்தத்தில் கால்சியத்தைச் சரித்துவிடும் ஒருவகை ஈ.டி.டி.ஏ. ஊசியால் 2005இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை உயிரிழந்தது. அதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறு ஆண்டே பதிவு செய்தது.

உங்களிடம் இப்போது எவ்வளவு பாதரசம் மிச்சம் இருக்கக்கூடும்? அயனி வடிவப் பாதரசம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாள் ஆகும். இரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு முறை பாதியாகியிருக்கும். நான்காயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அது. மூளையில் செலினியத்தோடு இறுகிய சிறு பங்கு மட்டும் இதைவிட நெடுநாள் தங்கக்கூடும். எந்த ஊசியாலும் அதை எளிதில் அசைக்க முடியாது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் எந்த மாத்திரையும் சாப்பிடாமல், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் பாதரசத்தையும், தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளான கிரியாட்டினினையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் தொழில்துறைச் சுகாதார வல்லுநர்கள் வேலையில் இருப்பவர்களுக்கே வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 20 மைக்ரோகிராம். உங்கள் எண் அதற்கு மிகக் கீழே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தின் பழைய காயம் இருந்தால் அது சொல்லும்.

பாதரச ஆவி நரம்பைத் தொட்டதா என்று பார்க்க நான் நம்பும் எளிய வழி ஒன்று இருக்கிறது. வெப்பமானி செய்யும் பட்டறையில் பல ஆண்டுகள் இருந்த ஒருவர் என்னிடம் வந்தபோது, சம்பளப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்துகளின் நகலைக் கேட்டு வாங்கினேன். முதல் பக்கங்களில் ஒரே இழுப்பில் போட்ட பெயர். மூன்றாம் ஆண்டில் கடைசி எழுத்தின் வால் சற்று நெளிந்திருந்தது. ஐந்தாம் ஆண்டில் முழுப் பெயரும் நீர்மேல் எழுதியதுபோல் அலைந்தது. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. வேலையை விட்டு ஓராண்டுக்குப் பிறகு போட்ட கையெழுத்து பெருமளவு நேராகியிருந்தது. உங்கள் பழைய மருத்துவமனைப் பதிவேட்டு நகல்கள் எவையேனும் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். இன்று ஒரு வெள்ளைத் தாளில் மேசையில் கை ஊன்றாமல் ஒரு சுருள் கோடு வரைந்து, அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அசதிக்கும் மறதிக்கும் தைராய்டு, ரத்தசோகை, தூக்கம் ஆகியவற்றையும் அவர் ஆராயட்டும். எல்லாவற்றையும் பாதரசத்தின் தலையில் போட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒன்றைத் தவறவிட நேரலாம்.

வாயில் உள்ள இரண்டு அடைப்புகளும் உறுதியாக இருந்தால் தொடாதீர்கள். அவற்றைக் குடைந்து எடுக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் ஆவி கூடுதலாக எழும். நீங்களே பலமுறை அருகில் நின்று பார்த்த வேலை அது. உடைந்தாலோ ஓரம் சொத்தையானாலோ அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மகனைப் பற்றி. பாதரச ஆவி நஞ்சுக்கொடியைக் கடக்கும் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பயந்ததுபோல் அந்தப் புரதம் அவனிடம் பழுதாகியிருக்க வழியில்லை. தாயின் உடலில் புரதம் என்னவானாலும், குழந்தை தன் மரபணுவிலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. பிறக்கும் சமயத்தில் குழந்தையின் கல்லீரலில் மெட்டலோதயோனீன் பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு நிறைந்திருக்கும்; துத்தநாகத்தையும் தாமிரத்தையும் சேமித்துக்கொண்டுதான் குழந்தை வெளியே வருகிறது. ஆட்டிசத்துக்கு மெட்டலோதயோனீன் கோளாறுதான் காரணம் என்று 2001 வாக்கில் ஒரு கருத்து பரவியது. பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. அவன் பேசுவது, ஓடுவது, மற்றக் குழந்தைகளோடு விளையாடுவது எல்லாம் வயதுக்கேற்ப இருக்கிறதா என்று ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது அவனுக்குப் பாதரசத்தை அளந்தால், கருவில் இருந்தபோது என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. அவனுக்குத் துத்தநாக மாத்திரையைத் தர வேண்டாம். அந்த வயதில் நாளைக்கு 12 மில்லிகிராம்தான் மேல் வரம்பு. உங்கள் மாத்திரை ஒன்றிலேயே அதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது. பெட்டியை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

தாமிரத்தின் அளவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மற்ற முடிவுகள் மெதுவாக வரட்டும்.